நான்கு மணி நேரத் தொலைவு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

திருச்சிராப்பள்ளியிலிருந்து சிங்கப்பூருக்கு ஆகாய வழியில் எவ்வளவு தூரம்? சுமார் 2,980 கிலோமீட்டர். விமானத்தில் எவ்வளவு நேரம்? நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பொது அறிவுப் போட்டியில் இக்கேள்வி வந்தால் ஒரே வரியில் விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடலாம். எங்கள் வீட்டில் மட்டும் இதற்கு ஒரு வரியில் விடை கிடைத்ததே இல்லை. அப்பா சிங்கப்பூரில் வேலை செய்கிறார். நாங்கள் திருச்சியில் இருக்கிறோம். ஆகவே இந்தத் தூரத்தை நாங்கள் பலவிதமாக அளந்து பார்த்திருக்கிறோம். அவற்றை எங்கள் தோழியரோடும், பெற்றோரோடும், அன்புள்ள சிஸ்டர்களோடும் பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டில் அம்மா, அப்பாயி, தம்பி, பத்தாம் வகுப்பில் படிக்கும் மூத்த பெண் என நால்வர் இருந்தோம். அப்பா வெல்டர். தம்பி பிறப்பதற்கு முன்பே சிங்கப்பூர் சென்றவர். அங்கே கப்பல் பழுதுபார்க்கும் தளம் ஒன்றில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருவார். தெருவில் உள்ளவர்கள், "நாலு மணி நேரப் பயணந்தானே? நினைத்தால் வந்துவிட்டுப் போகலாமே!" என்பார்கள். அவர்கள் சொல்வது கணக்குப்படி சரிதான். திருச்சியிலிருந்து சென்னை செல்லும் பேருந்துக்கே ஆறு மணி நேரத்துக்கு மேலாகிறது. அப்படிப் பார்த்தால் சென்னையைக் காட்டிலும் சிங்கப்பூர்தான் எங்களுக்குப் பக்கத்து ஊர். ஆனால் சென்னையில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு மாமா மாதம் இருமுறை வந்துபோகிறார். சென்னையைவிடப் 'பக்கத்தில்' இருக்கும் எங்கள் அப்பாவோ இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருகிறார். இது எப்படி? இந்தக் கேள்விதான் எங்களை அளக்கத் தூண்டியது.

முதல் அளவு, நூலால் அளந்தது. சமூக அறிவியல் பாடம் நடத்தும் சிஸ்டர் ஒருநாள் வகுப்புக்கு ஓர் உலக உருண்டையையும் ஒரு நூல்கண்டையும் கொண்டுவந்தார். "இரண்டு ஊர்களுக்கு நடுவில் நூலை இழுத்துப் பிடியுங்கள். தளர்வே இருக்கக்கூடாது. அதுதான் மிகக் குறுகிய பாதை" என்றார். உருண்டையின் மேல் இறுக்கிப் பிடித்த நூல், பூமியை இரு சம பாதிகளாகப் பிரிக்கும் பெருவட்டம் ஒன்றின் துண்டாக அமையும் என்று விளக்கினார். ஒருத்தி டில்லிக்கும் டோக்கியோவுக்கும் இழுத்தாள். இன்னொருத்தி சென்னைக்கும் துபாய்க்கும் இழுத்தாள். எங்கள் முறை வந்தபோது எங்களுக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. நூலின் ஒரு முனை திருச்சி, மறுமுனை சிங்கப்பூர்.

நூல் வேதாரண்யத்துப் பக்கமாகக் கரையை விட்டுக் கடலில் இறங்கியது. இலங்கையின் வடமுனையை உரசாமல் வடக்கே ஒதுங்கி, வங்கக் கடலைக் குறுக்கே தாண்டி, சுமத்ரா தீவின் வடபகுதியில் ஏறியது. மேடான் நகரத்தை ஒட்டிச் சென்று, மலாக்கா நீரிணையின் மேலாகச் சிங்கப்பூரைத் தொட்டது. நிஜ விமானங்கள் வானில் வகுக்கப்பட்ட வழித்தடங்களில் செல்வதால் இந்த நூலிலிருந்து சற்று விலகியும் போகும். அளந்து பார்த்தோம். ஏழு சென்டிமீட்டர்! உருண்டையின் குறுக்களவு முப்பது சென்டிமீட்டர். ஆகவே அதன் சுற்றளவு ஏறத்தாழ 94 சென்டிமீட்டர். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிலோமீட்டர். அப்படியானால் ஒரு சென்டிமீட்டருக்கு 425 கிலோமீட்டர். ஏழால் பெருக்கினால் 2,975. கரும்பலகையில் சிஸ்டர் எழுதிய சரியான விடைக்கு மிக அருகில் வந்துவிட்டோம். வகுப்பே கைதட்டியது. எங்களுக்கோ அந்த ஏழு சென்டிமீட்டர் நூலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

இரண்டாவது அளவு, மாலுமிகளும் விமானிகளும் பயன்படுத்துவது. அவர்கள் கிலோமீட்டரில் பேசுவதில்லை. கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர். இந்த எண் ஏன் இப்படி முழுமையில்லாமல் இருக்கிறது என்று கேட்டால், அதற்குள் ஓர் அழகான காரணம் இருக்கிறது. பூமியின் மையத்தில் 360 பாகைகள். ஒவ்வொரு பாகைக்கும் 60 கலைகள். ஒரு கலைக்கு நேராகப் பூமியின் மேற்பரப்பில் அமையும் நீளத்தைத்தான் ஒரு கடல் மைல் என்று முதலில் வகுத்தார்கள். பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே உள்ள கோணம் 26.8 பாகை. அதை அறுபதால் பெருக்கினால் ஏறத்தாழ 1,610 கடல் மைல். கோணமாகச் சொன்னால் எத்தனை சிறியது! கணக்குப் புத்தகத்தில் நாங்கள் வரையும் முக்கோணத்தில் முப்பது பாகைக் கோணம் வரும் அல்லவா? அதைவிடவும் சிறியது. பூமியின் மையத்தில் ஒருவர் நின்றால், தலையைச் சற்றுத் திருப்பினாலே எங்களையும் அப்பாவையும் ஒருங்கே பார்த்துவிடலாம்.

மூன்றாவது அளவு நேரம். நூலில் அளந்த தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பயணிகள் ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. 2,980-ஐ 850-ஆல் வகுத்தால் மூன்றரை மணி. ஆனால் டிக்கெட்டில் நான்கு மணிக்கு மேல் போட்டிருக்கிறதே, அந்த மிச்ச நேரம் எங்கே போகிறது? அதற்கும் விடை கிடைத்தது. நிற்குமிடத்திலிருந்து விமானம் நகரத் தொடங்கிய நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த ஊரில் நின்று அடங்கும் நொடி வரை உள்ளதையே பயண நேரமாகக் குறிக்கிறார்கள். ஓடுபாதைவரை மெல்ல ஊர்ந்து செல்ல வேண்டும். பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரம் ஏற வேண்டும். அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதனால் தடையும் குறைவு, எரிபொருளும் மிச்சம். குளிரோ உறைநிலைக்கு நாற்பது பாகை கீழே! பிறகு சிறிது சிறிதாக இறங்கி, தரையிறங்க முறை வரும்வரை காத்திருக்கவும் நேரலாம். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஆகும் நேரம், பறக்கும் நேரத்தோடு சேர்ந்துகொள்கிறது.

காற்றும் இதில் கை வைக்கிறது. வடக்கே, ஜப்பான் பக்கத்து வானத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் கடுங்காற்று ஒன்று உண்டு. டில்லியிலிருந்து டோக்கியோவுக்கு அது விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகும்; திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அதனால் ஒரே தூரத்துக்குப் போகும்போது ஆவதைவிடத் திரும்பும்போது ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கூடுதலாகிறது. நம் தென்னாட்டு வானத்திலோ கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கீழே காற்று மேற்கிலிருந்து வருகிறது. ஆனால் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி ஒரு காற்றாறு ஓடுகிறது. இதைப் பற்றி 1958-இல் விரிவாக எழுதியவர் பி. கோடேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சிங்கப்பூரிலிருந்து புறப்படும் விமானத்தை அந்தக் காற்று ஊரை நோக்கித்தான் தள்ளும் என்று அறிந்தபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது. தம்பி உடனே, "அப்போ அப்பாவை இனிமே ஆடி மாசத்துலதான் வரச் சொல்லணும்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

நான்காவது அளவு கடிகாரம். இதில்தான் தம்பி பெரிதும் குழம்பினான். அப்பா வரும்போது இரவு எட்டு மணிக்குச் சிங்கப்பூரில் விமானம் புறப்படும். இங்கே 9.40-க்கு இறங்கிவிடும். ஒரு மணி நாற்பது நிமிடந்தான்! அப்பா போகும்போது இங்கே 10.40-க்குப் புறப்பட்டால் அங்கே காலை 5.20-க்கு இறங்கும். ஆறு மணி நாற்பது நிமிடம்! "வர்றதுக்கு அப்பாவுக்கு ஆசை; அதனால சீக்கிரம் வர்றார். போறதுக்கு மனசில்லை, அதனால மெதுவாப் போறார்" என்று அவன் விளக்கம் கொடுத்தான். அம்மா சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், சிங்கப்பூர்க் கடிகாரம் நம் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வகுப்பில் படித்த ஒருங்கமை சமன்பாட்டை இங்கே போட்டுப் பார்த்தோம். பயண நேரத்தோடு கடிகார வேறுபாட்டைக் கூட்டினால் 6 மணி 40 நிமிடம். கழித்தால் 1 மணி 40 நிமிடம். இரண்டு சமன்பாடுகளையும் கூட்டிப் பாதியாக்கினால் பயண நேரம் 4 மணி 10 நிமிடம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாதியாக்கினால் வேறுபாடு 2 மணி 30 நிமிடம். இந்தச் சமன்பாடெல்லாம் வாழ்க்கையில் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் தோழியர் இதைப் போட்டுப் பார்க்கட்டும்.

இன்னொரு வியப்பும் உண்டு. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தீர்க்கரேகையில் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 25 பாகை. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால், சூரியன் அங்கே நம்மைவிட ஒரு மணி நாற்பது நிமிடம் மட்டுமே முந்த வேண்டும். கடிகாரமோ இரண்டரை மணி முந்துகிறது. காரணம், சிங்கப்பூர் தன் கடிகாரத்தைச் சூரியனுக்கு முன்னால் தள்ளி வைத்திருப்பதுதான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவோடு ஒத்துப்போவதற்காக மேலும் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால்தான் அங்கே காலை ஏழு மணியளவில்தான் பொழுது விடிகிறது. அப்பா இருட்டிலேயே எழுந்து, இருட்டிலேயே வேலைக்கு லாரி ஏறுகிறார் என்பதை இந்தக் கணக்கின் வழியாகத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவர் வாயால் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

விமானம் வருவதற்கு முன் இந்தத் தூரம் எப்படியிருந்தது என்பதை எங்களுக்குச் சொன்னவர் அப்பாயி. அவருடைய தகப்பனார் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிச் சிங்கப்பூர் போனவர். 1926-இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரை ஓடியது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும். பயணிகள் படகில் போய் ஏற வேண்டும். "படகு கரையை விட்டதுமே அழ ஆரம்பிச்சிருவோம். கப்பல் கண்ணுக்கு மறையற வரைக்கும் அழுகைதான்" என்பார் அப்பாயி. ஒரு வாரத்துக்கு மேல் கடலிலேயே இருக்க வேண்டும். 1973-இல் 'ரஜுலா' இந்தத் தடத்திலிருந்து விடைபெற்றது. 'சிதம்பரம்' என்ற கப்பலும் 1970-களிலிருந்து இந்தத் தடத்தில் ஓடியது. 1985-இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு அதன் பயணிகள் சேவையும் நின்றுபோயிற்று.

இன்னும் பின்னே போனால், 1025-ஆம் ஆண்டில் இராசேந்திர சோழனின் மரக்கலங்கள் இதே கடலைக் கடந்துதான் கடாரம் சென்றன. 1545-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் மயிலாப்பூரில் சில மாதங்கள் தங்கி ஜெபித்துவிட்டு, இந்தக் கடல் வழியாகவே மலாக்கா சென்றார். அவர்களெல்லாம் காற்றுக்காகக் காத்திருந்து, வாரக்கணக்கில் கடலில் மிதந்து போனவர்கள். மன்னரானாலும் புனிதரானாலும் காற்று விட்டால்தான் வழி. இவர்களை எண்ணிப் பார்க்கையில், நான்கு மணி நேரம் என்பது நம் காலத்துக்குக் கிடைத்த பெரிய கொடை என்பதில் ஐயமில்லை.

அப்பாயிக்குக் கிலோமீட்டரும் கடல் மைலும் தெரியாது. அவர் தமக்கென்று ஓர் அளவு வைத்திருந்தார். அப்பா திரும்பிப் போகும் நாளில், விமானம் கிளம்பிவிட்டது என்று செய்தி வந்ததும் ஜெபமாலையைக் கையில் எடுப்பார். ஒரு முழு ஜெபமாலைக்கு இருபது நிமிடம். அப்பா போய் இறங்கிவிட்டேன் என்று போன் செய்வதற்குள் பன்னிரண்டு ஜெபமாலை முடிந்திருக்கும். "சிங்கப்பூர் பன்னெண்டு ஜெபமாலை தூரந்தான்" என்பது அவர் கணக்கு. இருபதைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள், 240 நிமிடம். விமானக் கம்பெனிக்காரர் கணக்கும் ஏறத்தாழ அதுவே!

இத்தனை அளவுகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. ஆனால் 2020-ஆம் ஆண்டு வந்து எல்லா அளவுகளையும் பொய்யாக்கிவிட்டது.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு அப்பா வந்து சென்றார். மார்ச் மாதப் பிற்பகுதியில் கொரோனா நோயின் காரணமாக இந்தியாவுக்கு வரும் வழக்கமான பன்னாட்டு விமானங்களெல்லாம் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் மாதம் சிங்கப்பூரிலும் ஊரடங்கு வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதிகளில் நோய் வேகமாகப் பரவியதால், அங்கிருந்தவர்கள் பல மாதங்கள் வெளியே வர முடியவில்லை. அப்பாவும் அப்படி ஒரு விடுதியில்தான் இருந்தார். தினமும் போனில் முகம் காட்டுவார். அவருக்குப் பின்னால் எப்போதும் அதே இரும்புக் கட்டில், அதே சுவர். மே மாதத்திலிருந்து சிறப்பு விமானங்கள் விட்டார்கள். அதில் வந்துவிட்டால் மறுபடி வேலைக்குத் திரும்ப அனுமதி கிடைக்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. வீட்டுக் கடனும் எங்கள் படிப்பும் கண்முன் நிற்க, அப்பா வரவில்லை.

2021 ஜூன் மாதம் அப்பாயி இறந்துபோனார். வயதுதான் காரணம், மூன்று நாள் படுத்தார், நான்காம் நாள் காலையில் போய்விட்டார். மாலை நான்கு மணிக்கு அடக்கம். சிங்கப்பூரில் அப்போது ஆறரை மணி. அப்பா அன்று வேலைத்தளத்தின் ஓரமாக நின்றுகொண்டு போனில் பார்த்தார். கல்லறைத் தோட்டத்தில் சித்தப்பா போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். சித்தப்பா இரண்டு பிடி போட்டார். இரண்டாவது பிடி யாருக்காக என்று எவரும் கேட்கவில்லை.

அன்றிரவு தம்பி, அவனுக்கு அப்போது ஏழு வயது, அம்மாவிடம் கேட்டான்: "நாலு மணி நேரந்தானேம்மா? காலையில சொன்னப்பவே அப்பா கிளம்பியிருந்தா நாலு மணிக்கு வந்திருக்கலாமே?" கணக்கில் அவன் பிழை செய்யவில்லை. காலை எட்டு மணிக்குச் செய்தி போயிற்று. நான்கு மணிக்குள் எட்டு மணி நேரம் இருந்தது. ஒருமுறை வந்து இறங்கி, இன்னும் நான்கு மணி நேரம் அப்பாயியின் அருகில் உட்கார்ந்திருக்கலாம். அம்மா அவனை மடியில் இழுத்துக்கொண்டு, "விமானத்துக்கு நாலு மணி நேரம், சாமி. மனுசனுக்கு அப்படியில்லை" என்றார்.

அம்மா சொன்ன அந்தச் சொற்களை நாங்கள் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தோம். விமானம் புறப்படும் முன் ஒரு மனிதர் கடக்க வேண்டிய தூரங்கள் எத்தனை! மேலதிகாரி லீவு தர வேண்டும். வொர்க் பெர்மிட்டின் காலம் முடியாமலிருக்க வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் வேண்டும்; பண்டிகைக் காலமென்றால் அதுவே பெருந்தொகை. வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை என்பதையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வெறுங்கையோடு வர முடியுமா? அக்கம்பக்கத்துக்குக் கோடாலித் தைலமாவது, பிள்ளைகளுக்கு மிட்டாயாவது வாங்க வேண்டும். இவையெல்லாம் கூடிவரவே இரண்டு ஆண்டு ஆகிறது. இரண்டு ஆண்டும் நான்கு மணி நேரமும் சேர்ந்ததுதான் எங்களுக்கும் அப்பாவுக்கும் இடையே உள்ள உண்மையான பயண நேரம். சென்னை மாமாவுக்கு இந்த முதல் பகுதி இல்லை. ஆறு மணி நேரப் பேருந்து மட்டும்தான். அவர் ஏன் எங்கள் அப்பாவைவிடப் பக்கத்தில் இருக்கிறார் என்ற கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது.

2022 மார்ச் 27-ஆம் நாள் வழக்கமான பன்னாட்டு விமானப் போக்குவரத்து மீண்டும் தொடங்கியது. மே மாதம் அப்பா வந்தார். பொங்கலுக்குப் போனவர் திரும்பி வர இரண்டு ஆண்டு நான்கு மாதங்கள் ஆயிற்று. அவர் வந்த விமானம் எடுத்துக்கொண்ட நேரமோ வழக்கம்போல் நான்கு மணி பத்து நிமிடம். ஒரு நிமிடமும் கூடவில்லை, ஒரு கிலோமீட்டரும் குறையவில்லை. மறுநாள் விடிந்ததும் அப்பா கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். நாங்களும் உடன் போனோம். வெகுநேரம் மண்ணைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். புறப்படும்போது ஒரு பிடி மண்ணை எடுத்து மேலே தூவினார். அப்பாயி வைத்திருந்த ஜெபமாலையை அம்மா அவரிடம் கொடுத்தார். அதை அவர் சட்டைப் பையில் வைத்துச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனார்.

இதை வாசிக்கும் தோழியரில் பலருடைய அப்பாவோ அண்ணனோ மாமாவோ சிங்கப்பூரிலும், துபாயிலும், குவைத்திலும் இருப்பார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். நம் திருச்சி விமான நிலையத்துக்கு 2024-இல் புதிய முனையம் திறந்திருக்கிறார்கள். அதன் வாசலில் ஓர் இரவு போய் நின்று பார்த்தால், நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பாதி அங்கே நிற்பதுபோல் தோன்றும். வரவேற்க வந்தவர்கள் ஒரு பக்கம், வழியனுப்ப வந்தவர்கள் ஒரு பக்கம். சிரிப்பும் அழுகையும் பத்தடி தூரத்தில். அவர்களிடம், "நாலு மணி நேரந்தானே" என்று யாரும் சொல்லாதிருப்பது நலம். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கேட்பவர்கள் மனத்தில் அது முள்ளாகத் தைக்கிறது.

அப்பாக்கள் அருகிலேயே இருக்கும் தோழியருக்கும் எங்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. உங்கள் வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே பத்தடிதான். அந்தப் பத்தடியைக் கடக்க லீவும் வேண்டாம், பெர்மிட்டும் வேண்டாம். வேலை முடிந்து களைத்து வருபவருக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்களால் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் செய்ய முடிகிறது.

வெளிநாட்டில் உறவினர் உள்ளவர்கள், அவர்கள் போன் செய்யும்போது "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிடாதீர்கள். இங்கே இரவு எட்டரை மணி என்றால் அங்கே பதினொன்று. மறுநாள் இருட்டிலேயே எழ வேண்டியவர், நம் குரலைக் கேட்பதற்காகத் தூக்கத்தை ஒத்திவைத்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் இப்போது எட்டு மணிக்கு முன்பே வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டுப் போனுக்காகக் காத்திருக்கிறோம். அந்த அரை மணி நேரத்தில் பள்ளியில் நடந்ததெல்லாம் சொல்லிவிடுகிறோம். நூலால் அளந்த கதையைச் சொன்னபோது அப்பா, "ஏழு சென்டிமீட்டரா? என் சுட்டுவிரல் நீளந்தானே!" என்று விரலை நீட்டிக் காட்டினார். வெல்டிங் பொறி பட்டுத் தழும்பேறிய விரல்.

வரும் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அப்பா வருகிறார். லீவு கிடைத்துவிட்டது. பெர்மிட் புதுப்பித்தாகிவிட்டது. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. ஆக, பயணத்தின் நெடுந்தூரமெல்லாம் கடந்தாயிற்று. இனி மிச்சமிருப்பது 2,980 கிலோமீட்டர் மட்டுமே. அதை விமானம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் பன்னிரண்டு ஜெபமாலையைப் பார்த்துக்கொள்வோம்.